ஜன்னல் வைத்த மாஸ்க்

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் அவன் வீட்டை இரண்டாகப் பிரித்துத் தைத்தான்.

திரைச்சீலை தைப்பது அவன் தொழில். மழைக்காலத்தில் கடை வாசல்களுக்குக் கட்டுவதற்கென்று வாங்கி வைத்திருந்த கனமான பிளாஸ்டிக் சுருள் ஒன்று வீட்டிலேயே கிடந்தது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் ரகம். முன்னறைக்கும் உள்வீட்டுக்கும் நடுவே கதவில்லாத அகலமான வாசல் இருந்தது. அவன் அதை அளந்து, வெட்டி, ஓரங்களுக்குக் காடாத் துணியை மடித்து வைத்துத் தைத்து, சட்டத்தோடு சட்டமாகச் சிறு ஆணிகளால் அடித்து முடித்தபோது மதியமாகிவிட்டது. நடுவில் தலையிலிருந்து கால் வரை ஒரு ஜிப் ஓடியது. கூடாரங்களுக்கு வைக்கிற தடித்த ஜிப். அதை மேலும் கீழும் இழுத்துப் பார்த்துவிட்டு, உள்பக்கம் நின்றுகொண்டு அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இழுக்குற பிடி உன் பக்கம் மட்டும்தான் வச்சிருக்கேன், வாத்தியாரம்மா. என் பக்கம் கிடையாது."

"ஏன், நான் என்ன ஜெயிலரா?"

"வெளிய போய்ட்டு வர்றவ நீ. எப்பத் தெறக்கலாம்னு உனக்குத்தான் தெரியும். எனக்குக் குடுத்தா நான் ராத்திரியே தெறந்துடுவேன்."

அவள் சிரித்தாள். அவனுக்குள் இருப்பது அவனுடைய அக்கா கொடுத்த சிறுநீரகம். உடம்பு அதை அந்நியப் பொருள் என்று கண்டுபிடித்துத் தள்ளிவிடாமல் இருக்க, காலையும் மாலையும் மாத்திரைகளால் உடம்பின் காவலைத் தூங்க வைத்திருக்கிறார்கள். கொரோனா தடுப்பூசி போட்டாயிற்று, ஆனால் தூங்குகிற காவலாளிக்கு எத்தனை முறை அடையாளம் காட்டினாலும் என்ன பயன் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். "வராம பாத்துக்கோங்க. வந்தா நான் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது." அக்கா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான். "ஏ டீச்சரம்மா, நான் குடுத்த சாமானுக்கு கியாரண்டி கார்டு கிடையாது. மாத்திக் குடுக்க என்கிட்ட இன்னொண்ணும் இல்ல. இருக்கிற ஒண்ணு எனக்கே வேணும்." சொல்லிவிட்டு அக்காதான் முதலில் சிரிப்பாள்.

நேரில் வந்து பாடம் எடுப்பதிலிருந்து விலக்கு கேட்டுத் தலைமையாசிரியையிடம் அவள் போய் நின்றிருக்கிறாள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "டீச்சருக்கே நோய் இருந்தா விலக்கு உண்டும்மா. வீட்டுல இருக்கிறவங்களுக்குன்னா கிடையாதுங்குறாங்க. எனக்கு உங்க கஷ்டம் தெரியாம இல்ல." அவன் மாத்திரைகள் அவளுடைய சம்பளத்தில்தான் வருகின்றன. அவள் வேலையை விட்டால் அந்த மாத்திரைகள் நிற்கும். விடாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அவன் திரை தைத்தான்.

அன்று மாலை இன்னொன்றும் தைத்தான். அவள் எடுப்பது முதல் வகுப்பு. ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் வந்திராத, திரும்பத் திரும்ப ஃபோனிலேயே பாடம் பார்த்த பிள்ளைகள். எழுத்தைச் சொல்லிக்கொடுக்க வாய் தெரிய வேண்டும். உதடு எங்கே குவிகிறது, நாக்கு எங்கே தொடுகிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவள் புலம்பியதை அவன் கேட்டிருந்தான். திரையில் மிஞ்சிய பிளாஸ்டிக்கிலிருந்து உள்ளங்கையளவு துண்டு வெட்டி, துணி மாஸ்க்கின் நடுவில் ஜன்னல் மாதிரி வைத்துத் தைத்தான். மாத்திரைகளால் அவன் கை இப்போதெல்லாம் நடுங்கும். மூன்று தடவை பிரித்து, மறுபடி தைத்தான். உள்பக்கம் சோப்பைத் தேய்த்துத் துடைத்தால் மூச்சுப் படியாது என்று யாரோ சொன்னதையும் செய்து, திரைக்கு இந்தப் பக்கம் நீட்டினான்.

"போட்டுட்டு சிரி, பாப்போம்."

அவள் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"கடை ஷோகேஸ்ல வச்ச மாதிரி இருக்கு," என்றான். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பள்ளியில் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதிப் பிள்ளைகள். பெஞ்சுக்கு ஒருவர். வாசலில் நெற்றிக்கு நேரே சூடு பார்க்கிற கருவி. வகுப்பு ஜன்னல்களை யாரும் மூடிவிடக் கூடாது என்று தலைமையாசிரியை கதவுகளைக் கயிறு போட்டுக் கம்பியோடு கட்டியிருந்தார். சாரல் அடித்தால் ஜன்னலோரப் பெஞ்சுகள் நனைந்தன. மைதானத்தில் தள்ளி நிற்பதற்கென்று வெள்ளை வட்டங்கள் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று புரிந்துகொண்டு, ஒரே வட்டத்துக்குள் எத்தனை பேர் நிற்க முடியும் என்று முட்டித் தள்ளிப் பார்த்தன.

முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு பையன் எழுந்து நின்றான். "டீச்சர், உங்களுக்குக் கால் இருக்கு!"

"பின்ன? உருண்டா வருவேன்?"

"ஃபோன்ல இல்லையே."

வகுப்பே சிரித்தது. ஒரு குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. கடைசிப் பெஞ்சில், மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்த சின்னப் பெண். காலையில் வாசலில் விட்டுவிட்டுப் போகும்போது அவள் அம்மா "முயலு, சமத்தா இருக்கணும்" என்று சொன்னதால், வகுப்பிலும் அவள் முயல்தான். அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். பள்ளி மூடியிருந்த காலமெல்லாம் குழந்தையைத் தொலைக்காட்சி முன்னால் உட்காரவைத்து, வெளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். "வேற வழி இல்ல டீச்சர். பேச்சே குறைஞ்சு போச்சு. ஸ்கூல் தெறந்தா சரியாயிடும்னு இருந்தேன்," என்று வாசலிலேயே, பேருந்துக்கு நேரமாகிற அவசரத்தில் சொன்னாள்.

முயல் பேசவில்லை. மற்றப் பிள்ளைகள் கூட்டமாக ஆ, ஈ என்று கத்தும்போது அவள் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் என்றால் ஜன்னலை. முதல் மணி நேரம் ஜன்னல் தெளிவாக இருக்கும். பிறகு சோப்பின் வேலை முடிந்துபோகும். பேசப் பேச உள்ளே மூச்சு படிந்து வெள்ளையாகிவிடும்; அதன் பிறகு அது ஜன்னலும் இல்லை, மாஸ்க்கும் இல்லை, முகத்தில் ஒட்டிய ஈரத் துண்டு.

இதை அவள் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே பிரித்துவிட்டு வேறு ஏதாவது வழி பார்த்திருப்பான். அதற்காகத்தான் சொல்லவில்லை. அந்த நடுங்குகிற கையோடு அவன் மறுபடி ஊசிக்குமேல் குனிவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாலையில் வீடு திரும்பினால், தெருமுனையிலேயே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். முன்னறைக்கு வெளியே, எப்போதோ குடியிருந்தவர்களுக்காகக் கட்டிய குளியலறையில் குளித்து, உடுத்தியதை வாளியில் ஊறப்போட்டு, சமையலறை ஜன்னல் விளிம்பில் அவன் மூடி வைத்திருக்கும் தட்டைச் சந்து வழியாகப் போய் எடுத்துக்கொண்டு வந்து, திரை ஓரம் அவள் உட்காருவாள். அவன் அந்தப் பக்கம் முக்காலியில். வீட்டுக்கு மேலே தகரம். மழை விழுந்தால் பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் மழை நாட்களில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஃபோனில் பேசுவார்கள்.

"இன்னிக்கு யாராவது தும்முனாங்களா?"

"ஒருத்தன் தும்முனான். மூக்குக்குள்ள சாக்பீஸ் வச்சிருந்தான்."

"மாஸ்க் எறக்கினியா?"

"இல்ல."

"ஜன்னல் எப்படி இருக்கு?"

"பிரமாதம். மத்த டீச்சருங்க எல்லாம் கேக்குறாங்க, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி எங்களுக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லுங்கன்னு."

அவன் மீசைக்குள் சிரித்துக்கொள்வான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. இடையில் ஒரு பிளாஸ்டிக் வந்த பிறகு, பெண் பார்த்துவிட்டுப் போன புதிதில் பேசிக்கொண்ட மாதிரி, ஒன்றுமில்லாததை எல்லாம் பேசினார்கள். அவன் தூங்கப் போகுமுன் திரையில் உள்ளங்கையை வைப்பான். அவளும் இந்தப் பக்கம் வைப்பாள். கையின் சூடு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும்.

அது ஒரு மழைநாள். பிள்ளைகளை அழைத்துப் போகப் பெற்றோர் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். முயலின் அம்மா எப்போதும் கடைசி. காலியான வகுப்பில் அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முயல் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவள் குனிந்தாள். "என்னடா தங்கம்?" முயல் மாஸ்க்கின் ஜன்னலை உற்றுப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் அதைத் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். ஈரம் உள்பக்கம் இருக்கிறது, வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது என்பது ஆறு வயதுக்குத் தெரியாது. மூன்றாவது முறை துடைத்துவிட்டு, கதவு திறக்காத வீட்டு வாசலில் நிற்கிறவள் போல நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் மாஸ்க்கை இறக்கினாள்.

அந்த நேரத்தில் எதையும் யோசித்ததாக அவளுக்கு நினைவில்லை. உதட்டைக் குவித்து "ஊ" என்றாள். முயல் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, அவள் உதட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். தன் மாஸ்க்கையும் இழுத்து இறக்கிவிட்டு, அதே மாதிரி குவித்தாள். "ஊ." காற்றும் எச்சிலுமாக அந்தச் சத்தம் அவள் முகத்தில் வந்து மோதியது. பள்ளி திறந்த பிறகு அந்தக் குழந்தையிடமிருந்து வந்த முதல் சத்தம். முயலுக்கே ஆச்சரியமாகிவிட்டது. "ஊ, ஊ, ஊ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு.

அதன் பிறகு, முயல் வருகிற நாளெல்லாம், வகுப்பு காலியானதும் ஒரே ஓர் எழுத்துக்கு மட்டும் மாஸ்க் இறங்கியது. ஜன்னலெல்லாம் திறந்துதானே இருக்கிறது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். குழந்தை அம்மா வருவதற்குள், ஒரு நிமிஷம். மாலையில் அவன் "மாஸ்க் எறக்கினியா?" என்று கேட்டபோது, வழக்கம்போல "இல்ல" என்றாள். நேற்றும் அதே பதில்தான் என்பதால் அது பொய் மாதிரிகூடக் காதில் விழவில்லை.

பிறகு மழை வலுத்தது. வகுப்புகளுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று பள்ளியைச் சில நாட்கள் மூடினார்கள். அவள் முன்னறையிலேயே கிடந்தாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. காலையும் மாலையும் தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூடியிருந்த நாட்களில் ஒரு நாள், பொழுது சாயும் நேரத்தில் மின்சாரம் போனது. அந்தப் பக்கம் அவன் திரையை ஒட்டி வந்து உட்கார்ந்து, முன்னறை வாசல் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நூல் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்துவான், கண்ணைச் சுருக்குவான், கை நடுங்கும், நூல் ஊசியைத் தாண்டிப் போகும். மறுபடி வாயில் வைப்பான். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு நூல் கோர்த்துக் கொடுப்பது அவள்தான். அவன் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டவன் போல ஊசியையும் நூலையும் திரையோடு சேர்த்து வைத்துக் காட்டினான். ஃபோனை எடுத்தான்.

"தெறக்கலாமா, வாத்தியாரம்மா?"

அவள் கை ஜிப்பின் பிடிமேல் இருந்தது. அந்த ஒரு கணத்தில் முயலின் விரல் உதட்டில் பட்ட ஞாபகம் வந்தது. வந்தது என்பதை அவள் எக்காலத்திலும் மறுக்க முடியாது. அதற்கப்புறம் நாளாயிற்றே, எனக்கு ஒன்றும் இல்லையே, குழந்தைக்கும் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லையே என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. அவன் காத்துக்கொண்டிருந்தான். மருத்துவர் சொல்லுக்குக் காத்திருக்கிற முகம்.

"தெறக்கலாம்," என்றாள்.

ஜிப் இறங்கிய சத்தம் மழையில் கேட்கவில்லை. அவள் உள்ளே போய், அவன் கையிலிருந்து ஊசியை வாங்கி, ஒரே தடவையில் கோர்த்துக் கொடுத்தாள். அதோடு திரும்பி வந்திருக்கலாம். அவன் ஊசியைக் காலரில் குத்திவிட்டு அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவன் முடியில் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. மின்சாரம் வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பள்ளி மறுபடி திறப்பதற்கு முன்னாலேயே அவள் ஜிப்பை ஏற்றிவிட்டு முன்னறைக்கு வந்துவிட்டாள். திறந்த அன்று முயலின் பெஞ்ச் காலி. மறுமுறை அந்தப் பிள்ளைகளின் நாள் வந்தபோதும் காலி. அன்று மதியம் முயலின் அம்மா வாசலுக்கு வந்து, கம்பிக் கதவுக்கு வெளியே தள்ளியே நின்றாள்.

"டெஸ்ட்ல வந்திருக்கு டீச்சர். லீவு விடுறதுக்கு முன்னாடியே ஒரு நாள் ராத்திரி மேலு சுட்டுச்சு. சளிதான்னு நெனச்சு மருந்து குடுத்து அனுப்பிட்டேன். கடையில லீவு குடுக்க மாட்டாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உங்க மேலதான் உசுரு. படுத்துக்கிட்டே உங்க வாய் எப்படிப் போகும்னு காட்டுறா. ஊ, ஓன்னு..."

அவள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா இப்ப எப்படி இருக்கா?"

"விளையாடுறா டீச்சர். அவளுக்கு ஒண்ணுமில்ல."

ஆசிரியர் அறையில் தலைமையாசிரியை எல்லோரையும் தள்ளித் தள்ளி உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கேட்டார். அவளிடம் வந்தபோது, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கிற குரலில், "நீங்க மாஸ்க் போட்டுத்தானே இருந்தீங்க?" என்றார்.

"எறக்கினேன் மேடம்."

திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டுல தெரியுமாம்மா?"

அவள் தலையசைத்தாள். இல்லை என்று.

பள்ளிக்கு வரவழைத்த சுகாதார ஊழியர் அவள் மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றி, சின்னப் பட்டையில் சொட்டு விட்டார். தொற்றைச் சொல்லும் இரண்டாவது கோடு வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அவளுக்கு உடம்பில் ஒரு வலிகூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

தெருமுனைக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழைச் சத்தத்தால்தான் மெஷின் ஓடுவது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். வாசல் வரை அப்படியே நினைத்தாள். முன்னறைக்குள் நுழைந்து திரை வழியாகப் பார்த்தபோது, மெஷினில் துணி பாதித் தையலில் நின்றிருந்தது. அவன் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டிருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது.

அவசர வண்டிக்குச் சொல்லி, முகவரியை இரண்டு தடவை கத்திச் சொல்லிவிட்டு, அவள் அவனை ஃபோனில் கூப்பிட்டாள். தகரத்தின்மேல் மழை. அவன் ஃபோனை எடுத்துக் காதில் வைத்தான்.

"எப்பலருந்துங்க? ஏன் எனக்குச் சொல்லல?"

"நேத்து... ராத்திரியிலருந்து." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு இளைத்தது. "சொன்னா நீ தெறந்துட்டு வந்துடுவ. உனக்கும் ஒட்டிக்கும்."

"வண்டிக்குச் சொல்லிட்டேன். இதோ வந்துடும்."

"கோவிச்சுக்காத. என் தப்புதான். போன வாரம் துணி கொண்டாந்தானே ஒருத்தன், அவனப் பின்வாசல்ல நிக்க வச்சுப் பேசிட்டிருந்தேன். மாஸ்க் போடல. பொழுதுபோகல, பேசணும்போல இருந்துச்சு. நீ அங்க பிள்ளைங்க நடுவுல அவ்ளோ ஜாக்கிரதையா இருந்துட்டு வர்ற... நான் வீட்டுக்குள்ள உக்காந்து..."

"என்னங்க, கேளுங்க. அவன்கிட்டருந்து வரல."

ஃபோனில் பதில் இல்லை. "கேக்குதா? என்னங்க?" அவன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்து, திருப்பிக் காட்டினான். இருட்டாக இருந்தது. சார்ஜ் போய்விட்டது.

அவள் ஜிப்பின் பிடியைப் பிடித்தாள். அதைப் பார்த்ததும் அவன் சுவரை விட்டு, கைகளை ஊன்றித் தவழ்ந்து திரைக்கு வந்துவிட்டான். அவன் பக்கம் பிடி கிடையாது. அதனால் ஜிப்பின் பற்களையே, பிளாஸ்டிக்கோடு சேர்த்து, விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் இழுத்தாள். கொஞ்சம் இறங்கி அவன் பிடியில் சிக்கி நின்றது. அவன் தலையை ஆட்டினான். வேண்டாம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்த நிலையிலும் அந்த விரல்களுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, நடுக்கமே இல்லை.

"எனக்கும் வந்துடுச்சுங்க! நான்தான் குடுத்தேன்! விடுங்க!"

மழை அதை அப்படியே விழுங்கியது. அவன் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினான்.

அவள் அவன் முகத்துக்கு நேரே மண்டியிட்டாள். மாஸ்க் ஜன்னல் வெள்ளையாக மூடியிருந்தது. அதை இறக்கினாள். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, உதட்டைக் குவித்து, விரித்து, நாக்கைக் காட்டி, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான். மாஸ்க்க. எறக்கினேன். அவன் அவள் வாயையே பார்த்தான். புருவம் சுருங்கியது. அவள் இன்னும் கிட்டே வந்தாள். அன்னிக்கு. தெறந்தப்ப. எனக்குத். தெரியும். சொல்லச் சொல்ல அவள் மூச்சு திரையில் படிந்தது. முதலில் ஒரு காசளவு. பிறகு உள்ளங்கையளவு. அவன் முகம் அதற்குப் பின்னால் மங்கிக்கொண்டே போனது. தெருக்கோடியில் வண்டியின் சங்கு ஊதுவது மழைக்குள்ளிருந்து விட்டு விட்டுக் கேட்டது.

ஒரு கையால் ஜிப்பை இறுக்கிப் பிடித்தபடியே, அவன் மறு கையை உயர்த்தினான். அவள் வாய் இருந்த இடத்தில், அந்தப் பக்கத்திலிருந்து, கட்டைவிரலால் துடைத்தான். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தான்.